துளையிட்ட குன்றிமணி

கண்ணு,

பதினாறு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "டாக்டர், குழந்தையின் காப்பில் இருந்த விதைக்குத் துளை போட்டது நான். அதில் ஒன்று இப்போது பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி குழந்தையின் வயிற்றில் இருக்க வேண்டும்." சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்தக் காப்பு என் கைப்பைக்குள் இருந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "தெரியலீங்க" என்றேன்.

நீ கேட்டது இதை அல்ல, தெரியும். பெங்களூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போகும்போது என் மணிப் பெட்டிகள் மூன்றையும் நீ எடுத்துக்கொண்டாய். நான்தான் எடுத்துக்கொள் என்றேன். நாற்பத்தொரு வயதிலேயே ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. பத்து முடிச்சுப் போட்டால் மணிக்கட்டு வலிக்கிறது. வாசலில் ஆட்டோ நிற்கும்போது நீ சொன்னாய்: "ம்மா, ஒவ்வொண்ணும் எங்கிருந்து வருது, எப்படி வெச்சுக்கணும்னு நாலு வரி எழுதி அனுப்புங்க. பாக்கெட்டுக்குள்ள ஒரு சீட்டு வெக்கோணும். வாங்கறவங்க இப்ப அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க." நாலு வரியில் எப்படி அடங்கும், நாற்பது பக்கம் ஆகுமே என்றேன். "நீங்க பேசறதையெல்லாம் எழுதுனா ஆகுமுங்க. தேவையானதை மட்டும் எழுதுங்க" என்று ஆட்டோவில் ஏறிவிட்டாய். நீ சொன்னது சரிதான். தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் உன்னிடம் பேசியிருக்கிறேன்.

முத்தில் ஆரம்பித்தேன். முத்து ஒரு சிப்பியின் உடம்புக்குள் விளைந்தது. அதனால் கல்லைப் போல நினைத்துப் பழகக் கூடாது. உடுத்தி, பவுடர், சென்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் வறண்டுபோகும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு விழ வேண்டும். இது நான் அவமானப்பட்டுக் கற்றது. உன் அத்தைக்கு நான் கோத்த முதல் மாலையில் முடிச்சுப் போடவில்லை, கோத்தால் போதும் என்று நினைத்தேன். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது நூல் அறுந்து, அவ்வளவும் இலைகளுக்குக் கீழே, நாற்காலிகளுக்குக் கீழே ஓடியது. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து உன் அத்தை, "ஏனுங்க அண்ணி, இது முத்து மாலையா, பொரி மூட்டையா?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து இன்றுவரை முடிச்சில்லாமல் ஒரு முத்துகூட கோத்ததில்லை. அந்தத் தவறை நான் எல்லாரிடமும் சொல்வேன், உனக்கே பத்துத் தடவை சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய தவறு அது.

பவளமும் கடலில் உயிராக இருந்த ஒன்றின் கூடுதான். முத்துக்கும் பவளத்துக்கும் புளிப்பு ஆகாது. நான் ஒரு வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்த்த புளியைக் கையோடு வைத்துக்கொண்டு, பித்தளைக்கு இவ்வளவு பளபளப்புத் தருகிறதே என்று ஒரு பவளத் தோட்டையும் தேய்த்துவிட்டேன். மேல்தோல் அரித்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கிப்போனது, திரும்ப வரவேயில்லை. வெள்ளியை அப்படிக் கெடுக்க முடியாது. கறுப்பது அதன் இயல்பு. காற்றே அதைக் கறுக்க வைக்கும். பெட்டிக்குள் ஒரு சாக்பீஸ் துண்டு போட்டு வைத்தால் கொஞ்சம் தாமதமாகும். பல்பொடி போட்டுத் தேய்க்கச் சொல்லுவார்கள், தேய்க்காதே, கீறல் விழும். காங்கேயம் பக்கத்து மண்ணிலிருந்து வருகிற சந்திரகாந்தக் கல் உள்ளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளில் பட்டுத்தான் வெளிச்சம் நிலா மாதிரி நகர்கிறது. கீழே போட்டால் அந்த அடுக்கு வழியாகத்தான் பிளக்கும். உடுமலைக் கொட்டாங்கச்சியில் இழைத்த வளையலுக்கு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். சுட்ட மண் நகையில் தண்ணீர் படக் கூடாது, அது உனக்கே தெரியும், அதில் நீ என்னைவிடக் கைகாரி.

இவ்வளவும் எழுதி முடித்திருந்த மத்தியானம்தான் உன் படம் போனில் வந்தது. வசம்புத் துண்டுகளை வட்டமாக அறுத்து, நடுநடுவே குன்றிமணி வைத்துக் கோத்த குழந்தைக் காப்பு. கீழே எழுதியிருந்தாய்: "ஃப்ரெண்டு குழந்தைக்கு ஞாயித்துக்கிழமை பேர் வெக்கறாங்கம்மா. கறுப்பு மணிக்குப் பதிலா குன்றிமணி! யாருமே இப்படிச் செஞ்சதில்லை தெரியுமா?"

நான் செய்திருந்தேன், கண்ணு.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். "அதைக் குடுத்துராதே" என்றேன். நான் போட்ட சத்தத்தில் நீ பயந்திருப்பாய். "ஏம்மா, என்னாச்சு?" என்றாய். அது விஷம் என்றேன். "நெட்ல எல்லாரும் விக்கறாங்க. துளை போட்டதே கிலோக் கணக்குல வருது. கேரளாவுல கோயில்லயே உருளி நெறைய கொட்டி வெச்சிருக்காங்க, குழந்தைங்க கைவிட்டு அளையுதுங்க. நம்மூட்டுப் பிள்ளையாருக்கே அதுதானுங்கம்மா கண்ணு." வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன்.  பிறகு, "சரி, குழந்தைக் காப்பைக் குடுக்கலை. ஆனா பெரியவங்களுக்கு அஞ்சு செஞ்சு அனுப்பிச்சுட்டேன். அவங்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுங்கன்னா என்னன்னு சொல்றது? எங்கம்மா வேண்டாங்கறாங்கன்னா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நாலு வரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி இதை எழுத ஆரம்பித்தேன். பத்து நாளாகிறது.

உனக்கு அப்போது ஆறு வயது, எனக்கு இருபத்தைந்து. உன் சித்தி போத்தனூரில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பிரவீனுக்குப் பத்து மாதம். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள மதுக்கரையிலிருந்து செல்வியக்கா வருவார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியாக இருப்பார், யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், குழந்தையிடம்கூட. "எந்திரிச்சுட்டீங்களா சாமி, பால் குடிக்கறீங்களா" என்பார். உன் சித்தி கேலி செய்வாள்: "அவன் கவர்னருங்க, அதான் மரியாதை." அந்த வீட்டில் செல்வியக்கா கையில் தவிர பிரவீன் வேறு யாரிடமும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

அவன் கட்டியிருந்த வசம்புக் காப்பின் நூல் நைந்துபோனது. நான் புதிதாகச் செய்துதருகிறேன் என்றேன். வசம்புக் காப்பு எதற்கு என்று உனக்குத் தெரியும். குழந்தை எதையும் வாய்க்குத்தான் கொண்டுபோகும். இதைக் கொண்டுபோகட்டும், சப்பினால் வயிற்றுக்கு நல்லது என்று கட்டுவது. வாய்க்குப் போவதற்கென்றே செய்கிற நகை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதில் நான் குன்றிமணியைக் கோத்தேன். மதுக்கரைப் பக்கம் வேலியில் படர்ந்து கிடந்த கொடியிலிருந்து செல்வியக்காதான் எனக்கு ஒரு டப்பா நிறையப் பறித்துவந்து தந்திருந்தார், அழகாக இருக்கிறதே, உங்க மணி வேலைக்கு ஆகுமுங்களா என்று. தங்கம் நிறுத்த விதை, பிள்ளையார் கண்ணாக இருக்கிற விதை, பல்லாங்குழியில் நாமெல்லாம் அளைந்த விதை, இது என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். நினைக்கவேயில்லை.

அந்த விதையைப் பற்றி நீ சீட்டில் எழுத வேண்டியது இதுதான். அதன் ஓடு மிகவும் கெட்டி. முழுசாக இருக்கிறவரை உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும் என்கிறார்கள். அதனால்தான் இத்தனை தலைமுறை அளைந்தும் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நகைக்கு என்று நாம் துளை போடுகிறோமே, அந்தத் துளை ஓட்டைத் திறந்துவிடுகிறது. வேறு எந்த மணியிலும் துளை என்பது நூல் போகிற வழி. இதில் விஷம் வருகிற வழியும் அதுவே. இதையெல்லாம் நான் பின்னால், நூலகத்தில் மூலிகைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்றை எந்தப் புத்தகமும் சொல்லாமலே அன்றைக்கே பார்த்தேன். துளை போடும்போது ஒரு மணியில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. மாற்று மணி டப்பாவில் எத்தனையோ இருந்தன. மறுபடி துளை போடச் சோம்பல்பட்டு, விரிசல் தெரியாதபடி அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிக் கோத்தேன். குழந்தைக்கு நானே கட்டிவிட்டேன். எல்லாரும் எவ்வளவு அழகு என்றார்கள்.

காப்புக் கட்டிய நாலாம் நாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடிந்ததிலிருந்து வாந்தி, பிறகு ரத்தமாகப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது கையில் ஊசி குத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் காப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வராந்தாவுக்கு வந்து பார்த்தேன். விரிசல் விட்ட மணி பாதிதான் இருந்தது. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன். அப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். "ஏதாவது விதை, மாத்திரை, எலி மருந்து, கைக்கு எட்டற மாதிரி எதாச்சும் இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். உன் சித்தி அழுதுகொண்டே, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். அந்தம்மா பழைய பாலைக் குடுத்திருக்கும்" என்றாள். அவள் மாமியார், "அவதானுங்க, வேற யாரு" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க எதாச்சும் பாத்தீங்களாம்மா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று மேலே எழுதிவிட்டேன். ஏன் என்று பல வருடம் எனக்கு நானே காரணம் சொல்லிவந்தேன். அப்போதுதான் வெளியாட்கள் இரண்டு பேர் என்னிடம் நகை செய்யக் கேட்டிருந்தார்கள். உன் அப்பாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. சித்தியின் புகுந்த வீட்டார் முழுவதும் அங்கே நின்றார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் இதில் எதுவும், ஒரு குழந்தைக்கு என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாமல் ஒரு டாக்டரை நிற்க வைப்பதற்குப் போதாது. உள்ளே கிடந்தது உன் தம்பி. நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். பிழைத்துவிட்டான், இப்போது பிளஸ் டூ படிக்கிறான், உன்னைவிட உயரம். பிழைத்தது டாக்டரின் கெட்டிக்காரத்தனம். என் பங்கு அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் செல்வியக்கா ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு குழந்தையைப் பார்க்க வந்தார். வாசற்படி ஏற விடவில்லை. "ஏனுங்க, நான் காய்ச்சி ஆற வெச்சுத்தானுங்க குடுத்தேன். புட்டியக்கூட சுடுதண்ணியில போட்டுத்தானுங்க எடுத்தேன்" என்றார். "பேசாதீங்க. எம்பையன் செத்துப் பொழச்சு வந்திருக்கான்" என்று உன் சித்தி கத்தினாள். நான் அவளுக்குப் பின்னால் பிரவீனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். செல்வியக்காவின் முகத்தில் ஒன்று மாறியதைப் பார்த்தேன். "அன்னிக்குக் கரண்ட் போயிருந்துச்சுங்க…" என்று தனக்குள்ளேயே சொல்வது போல இழுத்தார். "பிரிஜ்ஜுல பால் நல்லாத்தானே இருந்துச்சு… என்னமோ போங்க." பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அவன் என் தோளிலிருந்து அவரை நோக்கிக் கையை நீட்டினான்.

அன்றிலிருந்து என் மணிப் பெட்டியில் குன்றிமணி இருந்த அறை காலியாகவே இருந்தது. சின்ன வயதில் நீ கேட்பாய், இதில் என்ன போடுவது என்று. ஒன்றுமில்லை என்பேன். நீ அதில் ரப்பர், பென்சில் துண்டு எல்லாம் போட்டு வைப்பாய். கேட்டபோதே சொல்லியிருந்தால் நீ அதைக் கிலோக் கணக்கில் வாங்கியிருக்கமாட்டாய். அந்த ஐந்து காப்பும் போயிருக்காது.

அந்த ஐந்து பேருக்கும் எழுது. வாங்கியவர்கள் பெரியவர்கள்தான், கடித்துத் தின்னப்போவதில்லை என்பாய். பெரியவர்கள் காப்பைக் கழற்றி எங்கே வைப்பார்கள்? மேசைமேல், தலையணைக்குப் பக்கத்தில், குளியலறைத் திட்டில். அங்கே ஒரு குழந்தை தவழ்ந்து வராது என்று உன்னால் சொல்ல முடியுமா? 'வேறு மணி வைத்து மாற்றித் தருகிறேன்' என்று நயமாக எழுதாதே. இது விஷம், தெரியாமல் செய்துவிட்டேன், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று எழுது. ஒன்றிரண்டு பேர் உன் கடைப் பக்கத்திலேயே வந்து திட்டுவார்கள். திட்டட்டும். மீதி விதைகளைக் குப்பையில் கொட்டாதே, குப்பை பொறுக்குகிறவர்களுக்கும் குழந்தைகள் உண்டு. மூடி இறுகிய டப்பாவில் போட்டு எனக்கு அனுப்பு. யாராவது காரணம் கேட்டால் என் கதையைச் சொல். என் பெயரோடு சொல்.

உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லாமலிருப்பது சரியில்லை என்று தோன்றியது. போன செவ்வாய்க்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். "காப்பு எங்கேன்னு அன்னைக்கு நான் கேட்டனே அக்கா. ஆஸ்பத்திரியில தொலைஞ்சுருச்சுன்னு சொன்னியே" என்றாள். அதை நான் மறந்தே போயிருந்தேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நீயும் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம்.

வியாழக்கிழமை மதுக்கரைக்குப் போய் செல்வியக்காவின் அண்ணன் வீட்டில் விசாரித்தேன். அவர் ஆனைமலையில் மகளோடு இருக்கிறார் என்றார்கள். பொள்ளாச்சியில் பஸ் மாறிப் போனேன். தேங்காய்க் களத்தில் கொப்பரை எடுக்கிற வேலை. வெயிலில் காயப்போட்ட தேங்காய் மூடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை, தெரிந்ததும் எழுந்து, "வாங்க அம்மணி, தம்பி நல்லாருக்கானுங்களா?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

நின்றபடியே சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்த பிறகு, "அப்ப அது பால் இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்கக்கா. நான் கோத்த மணி."

"பால் கெட்டுப்போகலீங்களா?"

"இல்லீங்க."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் களத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தக் கொடியப் பறிச்சுக் குடுத்ததும் நாந்தானுங்களே" என்றார். உங்கள்மேல் என்ன தப்பு என்றேன். அதைக் காதில் வாங்கியது போலத் தெரியவில்லை. "என்ற மக ரெண்டு பெத்தாளுங்க. ரெண்டுக்கும் நான் ஒருக்காக்கூட பால் கலக்கிக் குடுத்ததில்லை. சோறு ஊட்டுனதில்லை. தம்பிக்கு அப்படி ஆனதுக்கப்புறம் கையே வராதுங்க. உனக்கு எம்புள்ளைக மேல பாசமே இல்லைன்னு அவ பேசாத பேச்சில்லை. நான் என்னத்தைச் சொல்றது, பேசாம இருந்துக்குவேன்." பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குதுங்க. அதை உட்டா அப்புறம் லேட்டாகும்" என்றார்.

நான் அந்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். செல்வியக்காவின் பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு எட்டு. இரண்டு பேரும் இப்போது தாங்களே தட்டில் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.